மேகத்தில் இட்ட கையெழுத்து

தமிழில் பனி என்னும் சொல் பல பொருள்களைத் தாங்கி நிற்கிறது. புல்நுனியில் தங்கும் துளியும் பனிதான். விடியலில் வழியை மறைக்கும் மூட்டமும் பனிதான். இமயத்தின் உச்சியில் உறைந்து கிடப்பதும் பனிதான். ஆறு பருவங்களில் இரண்டுக்கு முன்பனி, பின்பனி என்று பெயரிட்ட மொழிக்கு, வெண்துகள்களாக இறங்கி மாதக்கணக்கில் மலைமேல் கிடக்கும் பனிக்கென்று தனிச்சொல் ஒன்று தேவைப்படவில்லை. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வாழ்பவர்களுக்கு நிலைமை வேறு. நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை ராக்கி மலைகளிலும் சியரா நெவாடாவிலும் படியும் பனிதான் வசந்தத்தில் உருகி, ஆறாகி, அணைகளை நிரப்பி, பாலையில் எழுந்த நகரங்களுக்குக் குடிநீராகிறது. கொலராடோ ஆற்றை மட்டும் ஏறத்தாழ 4 கோடி மக்கள் நம்பியிருக்கிறார்கள். மலைச்சரிவில் அடுக்கடுக்காகச் சேர்ந்து கிடக்கும் அந்தப் பனிப்படிவு, மனிதர் எவரும் கட்டாத ஒரு நீர்த்தேக்கம்.

அந்தத் தேக்கத்தில் இன்னும் சிறிது சேர்க்க இயலுமா என்ற ஆசைக்கு முக்கால் நூற்றாண்டு வயதாகிவிட்டது. மேகத்தில் விதை தூவுதல் என்று அதற்குப் பெயர். நம் நாளிதழ்கள் வழக்கமாக எழுதும் ‘செயற்கை மழை’ என்ற தொடர் இங்கே சற்றும் பொருந்தாது. மேகத்தை எவரும் உண்டாக்குவதில்லை. வந்த மேகத்தைக் கொஞ்சம் கூடுதலாக ஈயச் செய்வதே நோக்கம். ஆனால் அந்த ‘கூடுதல்’ எவ்வளவு? பெய்த பனியில் எது தானாகப் பெய்தது, எது மனிதனால் பெய்தது? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் விஞ்ஞானிகளும் வழக்கறிஞர்களும் பல பத்தாண்டுகள் திணறிய கதையே இந்தத் துறையின் வரலாறு எனலாம்.

*

கூடுதலைக் கணக்கிடுவதற்கு முன், இருப்பைக் கணக்கிட ஒரு வழி வேண்டும். அதைக் கண்டவர் ஓர் இலக்கிய ஆசிரியர் என்பது நம்மைப் போன்றோருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன் கற்பித்த ஜேம்ஸ் எட்வர்ட் சர்ச், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ரீனோ நகருக்கு அருகிலுள்ள ரோஸ் மலையின் உச்சியில் ஒரு வானிலை நிலையத்தை நிறுவினார். குளிர்காலத்திலும் அந்த மலையேறுவது அவருடைய வழக்கம்.

அக்காலத்தில் டாஹோ ஏரியின் நீர்மட்டம் குறித்துக் கரையில் குடியிருந்தோருக்கும், ஏரிநீரைக் கீழே பயன்படுத்திய உழவர்களுக்கும் மின்நிறுவனத்துக்கும் இடையே ஓயாத பூசல் இருந்தது. வசந்தத்தில் ஏரி எவ்வளவு உயரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் மதகை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று முடிவு செய்யலாம். பனியின் ஆழத்தை மட்டும் அளப்பதால் பயனில்லை என்பதைச் சர்ச் உணர்ந்தார். புதிதாக விழுந்த பனி பஞ்சுபோல் இருக்கும். பழைய பனி இறுகிக் கனத்திருக்கும். ஒரே ஆழத்தில் இருவேறு அளவு நீர். எனவே முனையில் பற்கள் கொண்ட நீண்ட குழாயைப் பனிக்குள் தரைவரை செலுத்தி, உள்ளே புகுந்த பனியோடு சேர்த்துக் குழாயை எடைபோட்டார். அந்த எடையிலிருந்து, பனி முழுவதும் உருகினால் எத்தனை அங்குல நீர் நிற்கும் என்று நேரே படித்துவிடலாம். எளிய கருவிதான். ஆயினும் மேற்கு மாநிலங்களின் நீர் மேலாண்மை முழுவதும் அதன் மீது எழுந்தது. இன்று தானியங்கி நிலையங்கள் நூற்றுக்கணக்கில் வந்துவிட்ட பின்னும் அதே வகைக் குழாயோடு மலையேறுவோர் இருக்கிறார்கள்.

*

சர்ச் தம் குழாயோடு மலையேறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தெற்கே வேறொரு மனிதர் ஊர் ஊராகச் சென்று மழை விற்றுக்கொண்டிருந்தார். சார்லஸ் ஹாட்ஃபீல்ட் என்பது அவர் பெயர். தையல் இயந்திர விற்பனையாளர். உயரமான மரக்கோபுரம் கட்டி, அதன்மேல் தொட்டிகளில் இரகசியக் கலவையொன்றை ஆவியாக்கினால் மேகங்கள் திரண்டு வரும் என்பது அவருடைய வாக்கு. 1915-ஆம் ஆண்டின் இறுதியில், மொரேனா நீர்த்தேக்கத்தை நிரப்பித் தந்தால் 10,000 டாலர் என்று சான் டியாகோ நகர மன்றம் அவரிடம் பேச்சளவில் ஒப்புக்கொண்டது. எழுத்தில் எதுவும் இல்லை.

1916 ஜனவரியில் மழை பெய்தது, நிற்கவே இல்லை. ஜனவரி 27-ஆம் நாள் கீழ் ஓடே அணை உடைந்தது. பள்ளத்தாக்கில் இருந்த வீடுகளும் உயிர்களும் வெள்ளத்தில் போயின. ஹாட்ஃபீல்ட் கூலி கேட்டு வந்தார். நகரத்தின் தரப்பு மிக எளிமையான ஒரு நிபந்தனையை அவர்முன் வைத்தது. மழையைப் பெய்வித்தவர் நீரே என்றால் வெள்ளத்தின் சேதத்துக்கும் நீரே பொறுப்பு. இழப்பீட்டை ஏற்றுக்கொண்டு கூலியைப் பெற்றுக்கொள்ளும். சேதக் கோரிக்கைகளோ பல இலட்சம் டாலர். மழை தெய்வச் செயல் என்றால் கூலிக்கு இடமில்லை. வழக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இழுபட்டு 1938-ல் தள்ளுபடியாயிற்று. ஹாட்ஃபீல்ட் ஒரு காசும் பெறவில்லை.

ஹாட்ஃபீல்டின் கலவையால் மழை வந்ததாக இன்று எந்த விஞ்ஞானியும் கருதுவதில்லை. எனினும் நகரம் அவர்முன் வைத்த அந்த இக்கட்டு உண்மையானது. பின்னர் உண்மையான விஞ்ஞானத்தோடு வந்தவர்களும் அதே இடத்தில் சிக்கிக்கொண்டார்கள்.

*

அந்த விஞ்ஞானம் 1946-ஆம் ஆண்டு ஜூலையில், நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரில், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் தொடங்கியது. வின்சென்ட் ஷேஃபர் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு அந்நிறுவனத்தின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். தம் கைத்திறனால் உயர்ந்து, நோபல் பரிசு பெற்ற வேதியியல் அறிஞர் இர்விங் லாங்மியூரின் உதவியாளராகியிருந்தார்.

அவருடைய ஆய்வுக்கருவி ஒரு குளிர்ப்பெட்டி. உள்ளே கறுப்பு வெல்வெட் துணி ஒட்டி, தம் மூச்சுக்காற்றை ஊதிச் சிறு மேகம் உண்டாக்குவார். பெட்டியின் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தும் அந்த மேகத்தின் துளிகள் உறையாமல் நீராகவே நின்றன. இது வியப்புக்குரியதன்று. தூய நீர்த்துளி உறைவதற்கு ஏதேனும் ஒரு பற்றுக்கோடு வேண்டும். பொருத்தமான துகள் கிடைக்காவிட்டால் மைனஸ் 40 பாகை வரையிலும்கூட அது நீராகவே இருக்கக்கூடும். ஒரு வெக்கையான நாளில் பெட்டி போதிய குளிர்ச்சி அடையவில்லையென்று ஷேஃபர் உலர்பனிக்கட்டித் துண்டொன்றை, அதாவது திடநிலைக் கார்பன் டை ஆக்சைடை, உள்ளே இட்டார். அந்தக் கணமே பெட்டி முழுவதும் எண்ணற்ற பனிப்படிகங்கள் மின்னின.

அந்த ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் ஒரு சிறு விமானத்தில் ஏறி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரேலாக் மலைக்கருகே ஒரு மேகத்தில் சில இராத்தல் உலர்பனித் துகள்களைத் தூவினார். மேகத்தின் அடியிலிருந்து பனி இறங்கியது. தரையைத் தொடுமுன் வறண்ட காற்றில் ஆவியாகிவிட்டது. தரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த லாங்மியூருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மறுநாள் அதே கூடத்தில் பெர்னார்ட் வானகட் இன்னொரு வழியைக் கண்டார். படிக அட்டவணைகளைப் புரட்டி, பனிக்கட்டியின் படிக அமைப்பை ஏறத்தாழ ஒத்திருக்கும் பொருளைத் தேடியதில் அவருக்குக் கிடைத்தது சில்வர் அயோடைடு. அதன் நுண்துகளைக் கண்ட நீர், பனிக்கட்டி என்றே எண்ணி அதன்மேல் உறைந்துவிடும். உலர்பனிக்கட்டியை விமானத்தில்தான் கொண்டுபோக வேண்டும். சில்வர் அயோடைடையோ மலையடிவாரத்தில் எரித்துப் புகையாக மேலே அனுப்பலாம்.

இலக்கிய வாசகர்களுக்கு வானகட் என்ற பெயர் வேறொருவரை நினைவூட்டியிருக்கும். பெர்னார்டின் தம்பி குர்ட் வானகட் 1947-லிருந்து சில ஆண்டுகள் அதே நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் பணியாற்றியவர். 1963-ல் வெளிவந்த ‘கேட்ஸ் கிரேடில்’ நாவலில், தொட்ட நீரையெல்லாம் உறையவைக்கும் ஒரு படிகவிதை வருகிறது. உலகின் நீர்நிலைகள் அனைத்தும் அதனால் கெட்டியாகிவிடுகின்றன. அந்நாவலில் விளைவைப் பற்றிக் கவலையற்ற விஞ்ஞானியாக வருபவருக்கு லாங்மியூரே முன்மாதிரி.

*

விளைவைப் பற்றிய கவலை நிறுவனத்தின் வழக்கறிஞர்களுக்கு நிறையவே இருந்தது. 1947 அக்டோபரில், இராணுவத்தோடு இணைந்து நடத்திய சிர்ரஸ் திட்டத்தின் கீழ், அட்லாண்டிக் கடலில் இருந்த ஒரு புயலில் உலர்பனித் துகள்களைத் தூவினார்கள். புயல் திசை மாறி ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரைத் தாக்கியது. தூவுவதற்கு முன்பே அது திரும்பத் தொடங்கியிருந்தது என்று பிற்கால ஆய்வுகள் கூறின. ஆனால் புயலைத் திருப்பியது தாமே என்று நம்ப லாங்மியூர் ஆசைப்பட்டார். அவர் அப்படிச் சொல்லிவிடக்கூடாதே என்று நிறுவனம் அஞ்சியது. ஹாட்ஃபீல்டின் இக்கட்டு நோபல் அறிஞரின் வாசலுக்கும் வந்துவிட்டது.

ஆய்வாளர்கள் தயங்கிய இடத்தில் வணிகர்கள் தயங்கவில்லை. 1950-51 குளிர்காலத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவின் மின்நிறுவனமொன்று சியரா நெவாடாவில், சான் வாகீன் ஆற்றின் மேற்பகுதியில், விதை தூவத் தொடங்கியது. அதிகப் பனி என்றால் அதிக நீர். அதிக நீர் என்றால் அதிக மின்சாரம். அதே 1950-ல் வறட்சியில் தவித்த நியூயார்க் நகரம் கேட்ஸ்கில் மலைகளின்மேல் மேகங்களைத் தூண்ட ஒரு வல்லுநரை நியமித்தது. மழை வந்தால் தங்கள் தொழில் கெடும் என்று அம்மலையின் விடுதி உரிமையாளர்கள் நீதிமன்றம் சென்றனர். மேகத்தின்மீதும் அதிலுள்ள ஈரத்தின்மீதும் அவர்களுக்குச் சொத்துரிமை இல்லை என்று நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்துவிட்டது.

மலைகளைத் தேர்ந்தெடுத்ததற்குத் தக்க காரணம் இருந்தது. ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலெழும்போது குளிர்ந்து மேகமாகிறது. காற்று வீசும்வரை அந்த மேகம் அதே இடத்தில் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அதிலுள்ள துளிகளில் ஒரு பகுதி உறையாமலே மலையைத் தாண்டி மறுபுறம் இறங்கி ஆவியாகிவிடுகிறது. அங்கே ஒரு பனிப்படிகம் தோன்றினால், சுற்றியுள்ள துளிகளிலிருந்து ஈரத்தை ஈர்த்து வளர்ந்து, கனத்துக் கீழே விழும். வீணாகக் கடந்துபோகும் அந்த நீரைச் சரிவிலேயே இறக்கிவிட வேண்டும் என்பதே திட்டம்.

1957-ல் அமெரிக்கக் குடியரசுத்தலைவரின் ஆலோசனைக் குழு, மேற்கு மலைகளில் குளிர்காலத்து விதைப்பு 10 முதல் 15 விழுக்காடு வரை கூடுதல் தருவதாக அறிவித்தது. குறை எங்கிருந்தது என்றால், அந்தக் கணக்கு பெரும்பாலும் வணிக நிறுவனங்கள் விதைத்த மேகங்களைக் கொண்டு போடப்பட்டது. எந்தப் புயலில் விதைப்பது என்று அவர்களே தேர்ந்தெடுத்திருந்தார்கள். நல்ல மேகத்தைத் தேர்ந்தெடுத்துத் தூவிவிட்டு, நன்றாகப் பெய்தது என்று சொல்வதில் என்ன மெய்ப்பு இருக்க முடியும்? இயற்கையாகவே ஒரு குளிர்காலத்துக்கும் மறு குளிர்காலத்துக்கும் உள்ள வேறுபாடு 15 விழுக்காட்டை எளிதில் விழுங்கிவிடும்.

எனவே குலுக்கல் முறை வந்தது. 1960 தொடங்கிப் பத்தாண்டுகள் கொலராடோ மாநிலத்தின் கிளைமாக்ஸ் என்னுமிடத்தில், எந்த நாளில் தூவுவது, எந்த நாளில் தூவாமல் விடுவது என்பதை மனித விருப்பத்துக்கு விடாமல் சோதனை நடத்தினார்கள். முதலில் வந்த முடிவுகள் நம்பிக்கை அளித்தன. பின்னர் வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்தபோது அந்த நம்பிக்கை கரைந்தது. 1970 முதல் 1975 வரை சான் வான் மலைகளில் நடந்த பெரிய முன்னோடித் திட்டமும் உறுதியான விடையைத் தரவில்லை.

இதற்கிடையே இந்தக் கலைக்கு ஒரு களங்கமும் சேர்ந்தது. 1967 முதல் 1972 வரை வியட்நாம் போரில், எதிரியின் வழங்கல் பாதைகளைச் சேறாக்குவதற்காக அமெரிக்க இராணுவம் இரகசியமாக மேகங்களில் விதைத்தது. அது வெளியானபின், வானிலையைப் போர்க்கருவியாக்குவதைத் தடைசெய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 1977-ல் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. 1980-களில் அரசின் ஆய்வு நிதியும் வற்றத் தொடங்கியது. 2003-ல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு, இம்முயற்சிகளின் பயனுக்கு ஐயத்துக்கிடமற்ற அறிவியல் சான்று இன்னும் இல்லை என்று எழுதியது. அந்த ஆண்டிலும் மலையடிவாரங்களில் சில்வர் அயோடைடு எரிந்துகொண்டுதான் இருந்தது. நிரூபணத்துக்காக நீர்த்தேவை காத்திருப்பதில்லை.

*

வயோமிங் மாநிலம் பொறுமையோடு ஒரு சோதனையை மேற்கொண்டது. அருகருகே உள்ள இரு மலைத்தொடர்களில், ஒரு புயலின்போது எதில் தூவுவது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்து, பல குளிர்காலங்கள் அளந்தார்கள். 2014-ல் முடிவுகள் வந்தன. முதன்மைப் புள்ளிவிவரக் கணக்கில் கிடைத்த கூடுதல் 3 விழுக்காடு. அதுவும் தற்செயலாக வந்திருக்க 28 விழுக்காடு வாய்ப்பு உண்டு. பிற சான்றுகளையும் சேர்த்துப் பார்த்தால், தூவுவதற்கு ஏற்ற புயல்களில் மட்டும் 5 முதல் 15 விழுக்காடு வரை இருக்கலாம் என்றார்கள். எல்லாப் புயல்களும் ஏற்றவையல்ல. பெரும்பாலானவை தகுதி பெறுவதில்லை.

இறுதியில் விடையைத் தந்தது புள்ளிவிவரமன்று, ஒரு படம். 2017 ஜனவரி 19 அன்று ஐடஹோ மாநிலத்தில் பேயெட் ஆற்றின் மேற்பகுதியில், காற்றுக்குக் குறுக்காக முன்னும் பின்னும் பறந்தபடி ஒரு விமானம் சில்வர் அயோடைடைத் தூவியது. இயற்கையான பனிப்பொழிவு மிகக் குறைவாக இருந்த மேகம் அது. சற்று நேரத்தில் மலையுச்சியில் நிறுத்தியிருந்த ரேடாரின் திரையில் கோணல்மாணலான கோடுகள் தோன்றின. விமானம் பறந்த தடத்தையே காற்று இழுத்துச் சென்று வரைந்தது போன்ற கோடுகள். இயற்கை அப்படி வரைவதில்லை. பனியில் முதன்முறையாக மனிதனின் கையெழுத்தை ஐயமறப் படிக்க முடிந்தது. ஷேஃபர் பறந்து 70 ஆண்டுகள் கடந்திருந்தன.

அந்தக் குளிர்காலத்தின் பல முயற்சிகளில் மூன்றில் மட்டுமே இவ்வளவு தெளிவான தடம் கிடைத்தது. அம்மூன்றிலும் விழுந்த பனியின் நீரை 2020-ல் கணக்கிட்டு வெளியிட்டார்கள்: முறையே 1,23,220, 2,41,260, 3,39,540 கன மீட்டர். மொத்தம் ஏறத்தாழ 7 இலட்சம் கன மீட்டர். ஒலிம்பிக் நீச்சல் குளங்களாகச் சொன்னால் 282. கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும். கொலராடோ ஆற்றின் மீட் நீர்த்தேக்கம் வேறு படுகையைச் சேர்ந்தது எனினும், அளவு புரிவதற்காக ஒப்பிடலாம். அது முழுதும் நிரம்பினால் கொள்வது சுமார் 3,200 கோடி கன மீட்டர். மூன்று முயற்சிகளின் விளைச்சல் அதில் நாற்பத்தைந்தாயிரத்தில் ஒரு பங்கு.

*

தெளிவான விடை கிடைத்ததும் பணம் மீண்டும் பாயத் தொடங்கியது. 2022 ஜூலையில் மீட் நீர்த்தேக்கம், 1930-களில் முதன்முதலாக நிரப்பப்பட்ட பின் காணாத தாழ்ந்த மட்டத்துக்கு இறங்கியது. 2023-ல் யூட்டா மாநிலம் மேக விதைப்புக்கு ஒருமுறை நிதியாக 1.2 கோடி டாலரும், ஆண்டுதோறும் 50 இலட்சம் டாலரும் ஒதுக்கியது. புதிய அணை கட்டுவதோடு ஒப்பிட்டால் இது மலிவு. மலிவான மருந்து என்பதால்தான் அதன் வரம்பையும் சொல்லியாக வேண்டும். மேகம் இல்லாத வானில் விதைக்க முடியாது. 2015 ஏப்ரல் 1 அன்று, சியரா நெவாடாவில் ஆண்டுதோறும் பனி அளக்கும் ஃபிலிப்ஸ் நிலையத்தில் கலிஃபோர்னியா ஆளுநர் வெறும் புல்தரையில் நின்றார். மாநிலத்தின் பனிப்படிவு வழக்கமான அளவில் 5 விழுக்காடு. அத்தகைய ஆண்டில் 10 விழுக்காடு கூடுதல் என்பதற்குப் பொருளே இல்லை. நல்ல ஆண்டில் விதைத்துச் சேமித்துத் தீய ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். வறட்சி வந்தபின் ஓடிப்போய் விதைப்பது பயன் தராது. நகரங்களோ பெரும்பாலும் வறட்சி வந்தபிறகே இதை நினைக்கின்றன.

2024 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, ஆய்வுகள் சொல்லும் கூடுதல் பூஜ்யம் முதல் 20 விழுக்காடு வரை பரவியிருப்பதைக் குறிப்பிட்டது. அப்போது 9 மாநிலங்கள் இதைச் செய்துகொண்டிருந்தன. வேறு சில மாநிலங்கள் தடைச் சட்டம் இயற்றும் மனநிலையில் இருந்தன. 2024-ல் டென்னஸியும் 2025-ல் ஃபுளோரிடாவும் தடைசெய்தே விட்டன.

2025 ஜூலை 4-ஆம் நாள் டெக்சஸ் மாநிலத்தின் குவாடலூப் ஆற்று வெள்ளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரண்டு நாள் முன்பு, நூறு மைலுக்கும் அப்பால், ஒரு தனியார் நிறுவனம் சிறு மேகங்களில் விதைத்திருந்தது தெரியவந்ததும் மக்களின் சினம் அதன்மேல் திரும்பியது. அத்தனை பெரிய வெள்ளத்தை இத்தனை சிறிய தூவல் உண்டாக்க இயலாது என்று வானிலை அறிஞர்கள் விளக்கினார்கள். ஐடஹோவின் கணக்கைப் படித்தவர்களுக்கு அது எளிதில் விளங்கும். படிக்காதவர்களுக்கு விளங்கவில்லை.

இங்கே நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். பழியிலிருந்து அந்த நிறுவனத்தைக் காப்பாற்றியது, விதைப்பின் விளைவு சிறிது என்ற உண்மை. அதே உண்மையை இந்தத் தொழில் தன் விளம்பரத்தில் எடுப்பாகச் சொல்வதில்லை. வறட்சியில் வாடும் ஊரிடம் பெரிதாகப் பேசிவிட்டு, வெள்ளம் வந்ததும் சிறிதாகப் பேசினால் கேட்பவர் ஏன் நம்ப வேண்டும்? சான் டியாகோவின் வழக்கறிஞர் ஹாட்ஃபீல்டிடம் கேட்டதும் ஏறத்தாழ இதுதான். அவரிடம் விடை சொல்ல அளவு எதுவும் இருக்கவில்லை. இன்று அளவு இருக்கிறது. சர்ச் தம் குழாயை எடைபோட்டுச் சொன்னதுபோல, இத்தனை கன மீட்டர், இந்தச் சரிவில், இந்தப் புயலில் என்று சொல்ல ரேடாரால் முடிகிறது. அந்தக் கணக்கை ஒவ்வொரு குளிர்காலமும் எழுதி, கூலி கொடுக்கும் நகரத்துக்கும், அணைக்குக் கீழே குடியிருப்பவருக்கும் ஒருசேரக் காட்டும் பொறுப்பு விதைப்பவர்களையும் அவர்களுக்கு அனுமதி வழங்கும் மாநிலங்களையும் சேர்ந்தது.